நிறமும் சொல்லும்

கடலூரை அடுத்த கடற்கரையூர் தேவனாம்பட்டினம். அங்கு வாழும் மீனவர் காற்றையும் அலையையும் நோக்கித் தொழில் புரிபவர். புயல் உருவாயிற்று எனின், கடலூர்த் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும். பகலில் கூம்பும் உருளையும், இரவில் செவ்விளக்கும் வெண்விளக்கும் எச்சரிக்கையை உணர்த்துமாறு முறை வகுத்துள்ளனர். ஒவ்வோர் அடையாளத்திற்கும் 1 முதல் 11 வரை ஓர் எண் உண்டு.

எண்ணால் நிறம் காட்டும் இத்தகைய முறை கணினியிலும் உளது. எழுத்தால் ஆணையிட்டு எழுத்தால் விடைபெறும் திரைக்கு முனையம் என்பது பெயர். பல ஆணைகளை ஒரு கோப்பில் வரிசையுற எழுதி வைப்பின், அது ஷெல் ஸ்கிரிப்ட் எனப்படும். அதனை இயக்கினால் விடைகள் வரிவரியாக ஓடும். நூறு வரிகளுக்கிடையே ‘பிழை’ என்னும் ஒரு சொல் வரின், கண் அதனைத் தவறவிடுதல் எளிது. ஆதலின், அச்சொல்லைச் சிவப்பாகக் காட்டுவர்.

அதற்கு ‘பிரிண்ட்எஃப்’ என்னும் ஆணை உதவும். எழுத்துகளுக்கு முன்னே ஒரு குறித்தொடரை அது முனையத்திற்கு அனுப்பும். முதலில் 27 என்னும் எண்ணுடைய ‘எஸ்கேப்’ குறி. அடுத்து இடப்புறச் சதுர அடைப்பு. பின்னர் நிறத்தின் எண். இறுதியில் ‘எம்’ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்து. 31 சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள். முனையம் இத்தொடரை எழுத்தாகக் காட்டாது; ஆணையாகக் கொள்ளும். இம்முறையை அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 1979-ஆம் ஆண்டில் தரமாக ஏற்றது.

நிறத்தைத் தொடங்கியவர் அதனை முடித்தலும் வேண்டும். எண்ணின் இடத்தில் 0 இட்டு அத்தொடரை மீண்டும் அனுப்பினால், பழைய நிறம் திரும்பும். மறந்தாலோ, பின்வரும் நல்ல செய்தியும் சிவப்பாகவே தோன்றும். புயல் கடந்த பின்னரும் கூண்டை இறக்காது விட்டால், அடுத்த புயலுக்கு ஏற்றும் கூண்டை எவர் மதிப்பர்?

மற்றொன்றும் கருதத்தக்கது. விடைகளைக் கோப்பில் சேமித்தால், நிறத்திற்குரிய குறிகள் எழுத்துகளுக்கிடையே குப்பையாய்ப் படியும். எனவே, விடை செல்லுமிடம் முனையந்தானா என ஸ்கிரிப்ட் முதலில் ஆராய்தல் நன்று. மேலும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோரும் உலகில் உளர். அவர்க்கு நிறம் மட்டும் போதாது. ‘பிழை’ என்னும் சொல்லும் உடன் நிற்றல் வேண்டும்.

துறைமுகத்தில் ஏறிய கூண்டு எத்தனையாம் எண்ணுடையது என்பதை வானொலியும் செய்தித்தாளும் சொல்லாலும் அறிவிக்கின்றன. கூண்டோ விளக்கோ காணாதவன் செவியால் கேட்டுக் கரையில் தங்குவான். நிறம் கண்ணை அழைக்கும். சொல்லே பொருளை உணர்த்தும். இரண்டும் இணைந்தவிடத்தே எச்சரிக்கை பயன் தரும்.