டோக்கன் காப்பாற்றும் கார்டும், காப்பாற்றாத கணக்கும்

பழவேற்காடு பணத்துக்குப் புதிய ஊர் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே நாணயமே அச்சடித்தார்கள். இன்று அதே ஊரில் இறால் கூடைக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை நிற்கிறது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய், மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணம், 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் எல்லாம் நேரே வங்கிக் கணக்கில்தான் விழுகின்றன. கணக்கு இருந்தால் கார்டும் இருக்கும். கார்டு இருந்தால், வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் எதையாவது ஆர்டர் போடவும் அதை எடுப்பார்கள்.

அப்போதுதான் திரையில் அந்தக் கட்டம் வருகிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி உங்கள் கார்டைப் பாதுகாக்கட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டு, ஒரு டிக் அடிக்கச் சொல்கிறது. சிலர் பயந்து பக்கத்தையே மூடிவிடுகிறார்கள். சிலர் டிக் அடித்துவிட்டு, இனி எந்தத் திருடனும் கிட்டே வர முடியாது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. இரண்டாவது தவறுதான் பணத்தைக் கொண்டுபோகிறது.

“கார்டை சேவ் பண்ணினா நம்பர் கடைக்காரன் கைக்குப் போயிடும்”

2022 வரை இது உண்மை. அதனால் இப்படிப் பயப்படுகிறவரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. முன்பு இணையக் கடையில் கார்டைச் சேமித்தால் எண்ணும் காலாவதித் தேதியும் அந்தக் கடையின் கணினியிலோ, கடைக்காகப் பணம் வாங்கித் தரும் இடைநிறுவனத்தின் கணினியிலோ தங்கிவிடும். அங்கே ஓட்டை விழுந்தால், எப்போதோ ஒருமுறை ஏதோ வாங்கியவரின் கார்டும் சேர்ந்து வெளியே வரும். 2020 ஆகஸ்டில் பெங்களூரின் ஜஸ்பே நிறுவனத்தில் அப்படி ஓர் ஊடுருவல் நடந்தது. பல பெரிய இணைய நிறுவனங்களுக்குப் பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் அது. சுமார் மூன்றரைக் கோடி கார்டுகளின் பதிவுகள் கசிந்தன. முழு எண்கள் போகவில்லை, நடு இலக்கங்கள் மறைக்கப்பட்டவைதான் போயின என்றது நிறுவனம். விஷயம் பொதுமக்களுக்குத் தெரிந்தது 2021 ஜனவரியில்.

கடைகளும் இடைநிறுவனங்களும் கார்டு விவரத்தைச் சேமிக்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. நிறுவனங்கள் தயாராகவில்லை என்று கெடு தள்ளித் தள்ளிப் போய், 2022 அக்டோபர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து முழு எண்ணை வைத்துக்கொள்ளும் உரிமை கார்டு கொடுத்த வங்கிக்கும், ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்புகளுக்கும் மட்டும்தான். கடை வைத்திருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்டவை கடைசி நான்கு இலக்கமும் வங்கியின் பெயரும்.

அப்படியானால் நீங்கள் டிக் அடித்ததும் கடைக்குப் போவது என்ன? வங்கி உங்களுக்கு ஓடிபி அனுப்பி, சம்மதம் உங்களுடையதுதானா என்று உறுதி செய்துகொள்கிறது. பிறகு கார்டு எண்ணுக்குப் பதிலாக வேறோர் எண் உருவாகிறது. அதுதான் டோக்கன். பார்க்க கார்டு எண் மாதிரியே இருக்கும். எந்த டோக்கன் எந்தக் கார்டுக்கு உரியது என்ற பட்டியல் வலையமைப்பிடமோ வங்கியிடமோ பூட்டிக் கிடக்கும். டோக்கனை வைத்துக் கணக்குப் போட்டு உண்மை எண்ணைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரே கார்டைப் பத்துக் கடைகளில் சேமித்தால் பத்து வெவ்வேறு டோக்கன்கள். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொன்ன கணக்குப்படி, அதற்குள் 56 கோடிக்கும் மேற்பட்ட டோக்கன்கள் உருவாகியிருந்தன.

இதைத் தமிழில் நாலு வரி எழுதி அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது. சம்மதம் கேட்கிறவன் புரிகிற மொழியில் கேட்க வேண்டாமா?

“அப்போ டோக்கனைத் திருடிட்டா?”

நியாயமான கேள்வி. பதில் பழவேற்காடு ஏரியில் மீன்பிடிப்பவர்களுக்கு எளிதாகப் புரியும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஊர்களில் பாடு முறை தலைமுறைகளாக இருக்கிறது. யாருக்கு, ஏரியின் எந்த இடத்தில், எந்த நாளில் சுத்துவலை என்பது முறைவைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. அந்த முறையை வேறொருவன் தெரிந்துகொண்டதால் அவன் போய் அங்கே வலை கட்டிவிட முடியாது. டோக்கனும் அப்படித்தான்: இந்தக் கார்டுக்கு, இந்தக் கடையில் மட்டும் என்று கட்டப்பட்டது. இன்னொரு கடையில் அதைக் கொண்டுபோய் நீட்டினால் வங்கி ஏற்காது. போதாததற்கு, டோக்கனோடு ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் ஒரு ரகசியக் குறியீடும் போக வேண்டும். ஒருமுறை பயன்பட்ட குறியீடு மறுமுறை செல்லாது.

செல்போனைப் பூட்டாமல் வைத்து, அது வேறொருவர் கையில் கிடைத்தால்? கடையின் ஆப்பைத் திறந்து ஆர்டர் போட முயலலாம். ஓடிபி வர வேண்டிய போனும் அதுவேதானே. ஆக, டோக்கனைப் பூட்டிவைக்கும் வேலை வங்கியுடையது, போனைப் பூட்டிவைக்கும் வேலை நம்முடையது.

“சேவ் பண்ணாம ஒவ்வொரு தடவையும் அடிச்சாத்தான் பத்திரம்”

டோக்கன் கட்டாயமில்லை. வேண்டாமென்றால் ஒவ்வொரு முறையும் எண்ணை அடிக்கலாம். ஆனால் நடைமுறையில் யார் அடிக்கிறார்கள் என்று பாருங்கள். பல வீடுகளில் கார்டு கம்ப்யூட்டர் சென்டர் மேசைக்குப் போகிறது. முன்பக்கம் எண், பின்பக்கம் மூன்று இலக்க சிவிவி, இரண்டும் அங்கே இருப்பவர் கண்ணுக்கு முன்னால். ஓடிபி வந்ததும் சத்தமாகப் படித்துச் சொல்கிறோம். சென்டர்காரர் நல்லவராகவே இருக்கலாம், பக்கத்தில் வரிசையில் நிற்பவர் யாரென்று தெரியாதே. தெரிந்த ஆப்பில், சொந்த போனில், ஒருமுறை டோக்கனாக்கிவிடுவது இதைவிட எவ்வளவோ மேல் என்பது என் தீர்ப்பு.

“ஜிபேல ஸ்கேன் பண்ணும்போதும் கார்டு நம்பர் போகுது”

போவதில்லை. யூபிஐ கணக்கிலிருந்து கணக்குக்குப் போகும் பாதை. ஆரம்பத்தில் யூபிஐ பின் அமைக்கும்போது டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் கேட்பார்கள், அத்தோடு சரி. மீன்காரம்மாவின் கியூஆரை ஸ்கேன் செய்யும்போது கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் இணைத்திருப்பவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. ஆகவே சந்தையில் நடக்கும் வரவு செலவுக்கு டோக்கன் நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது.

“டோக்கன் போட்டாச்சு, இனி எவனும் ஏமாத்த முடியாது”

இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். டோக்கன் தீர்த்துவைத்தது பெரும்பாலும் நகரத்துப் பிரச்சினை, பத்து ஆப்பில் கார்டைச் சேமித்து வைத்திருப்பவரின் பிரச்சினை. எடமணியிலோ கூனங்குப்பத்திலோ இருப்பவரின் பணத்துக்கு வரும் ஆபத்து இணையக் கடையின் கணினி வழியாக வருவது குறைவு. அது போன் மணி அடித்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, மரியாதையாகப் பேசிக்கொண்டு வருகிறது.

“அம்மா, மீன்துறை ஆபீஸ்லருந்து பேசுறோம். தடைக்காலப் பணம் உங்க கணக்குல ஏறாம நிக்குது. போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா.” ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கையில் காசு இறங்கிக்கொண்டே போகும் நேரம். அந்த நேரத்தில் இப்படி ஒரு குரல் கேட்டால் யாருக்கும் நம்பத்தான் தோன்றும். நம்பி எண்ணைச் சொன்னவரை முட்டாள் என்று திட்டுகிறவர்கள் அந்த 61 நாளை வாழ்ந்து பார்க்காதவர்கள்.

நண்டு வியாபாரியிடம் இன்னொரு விதம். பெரிய ஓட்டல் பெயரைச் சொல்லி இருபது கிலோ நண்டு கேட்பான். விலை பேசமாட்டான், அதுவே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். “அட்வான்ஸ் அனுப்புறேன் அண்ணா, கியூஆர் வரும், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, காசு ஏறிடும்” என்பான். பின் போட்டால் காசு இறங்கும். பணம் வாங்குவதற்கு யூபிஐயில் பின் தேவையே இல்லை, பணம் கொடுக்கத்தான் பின். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை இந்த மோசடிக்குப் பயந்தே தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது. கியூஆர் வழி ஏமாற்று அதனால் நின்றுவிடவில்லை.

மூன்றாவது விதம் டோக்கனின் பெயரையே வைத்து வரக்கூடியது. “உங்க கார்டை டோக்கன் பண்ணலைன்னா இன்னைக்கு ராத்திரி பிளாக் ஆகிடும்” என்று யாராவது கூப்பிட்டால் வைத்துவிடுங்கள். டோக்கன் கட்டாயமில்லை, அதற்கு வாடிக்கையாளர் கட்டணம் கிடையாது, போன் மூலம் யாரும் அதைச் செய்து தருவதும் கிடையாது. நீங்களே கடையின் ஆப்பில் செய்வது ஒரு வழி. வங்கியின் சொந்த ஆப்பிலோ இணையதளத்திலோ ஒரே இடத்திலிருந்து பல கடைகளுக்கு டோக்கன் எடுக்க 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அனுமதித்தது, அது இன்னொரு வழி.

டோக்கன் மறைப்பது கார்டு எண்ணை மட்டும். ஓடிபியை வாயால் சொல்லிவிட்டால், பணம் எடுக்க நாமே சம்மதம் கொடுத்தோம் என்றுதான் வங்கியின் கணினிக்குத் தெரியும்.

“கார்டு தொலைஞ்சாலும் டோக்கன் பாத்துக்கும்”

பார்த்துக்கொள்ளாது. கையில் இருக்கும் பிளாஸ்டிக் கார்டுக்கும் கடையில் இருக்கும் டோக்கனுக்கும் பாதுகாப்பு வேறு வேறு. கார்டு உறையில் பின் நம்பரைப் பேனாவால் எழுதி, பக்கத்து வீட்டுப் பையனிடம் “உரிமைத் தொகை எடுத்துட்டு வாப்பா” என்று கொடுத்தனுப்பும் வழக்கத்தை எந்த டோக்கனாலும் சரிசெய்ய முடியாது. தொட்டுக் காட்டினால் பணம் போகும் வசதியுள்ள கார்டில் 5,000 ரூபாய் வரை பின் இல்லாமலே எடுபடும், அது தெரியாமலே பலர் வைத்திருக்கிறார்கள்.

கார்டின் வசதிகளைக் கட்டுக்குள் வைக்க ஒரு நல்ல விதி 2020இலேயே வந்தது. இணையத்தில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத கார்டுகளில் இணைய வசதியை வங்கியே அணைத்து வைக்க வேண்டும். வேண்டும்போது நாம் திறந்துகொள்ளலாம், மறுபடி அணைக்கலாம். இணையத்தில் எதையும் வாங்காத வீட்டில் அதை அணைத்தே வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

கார்டைப் புதுப்பித்தால் பழைய கடைகளோடு புதிய கார்டை இணைக்க மறுபடி உங்கள் சம்மதம் கேட்கப்பட வேண்டும். வேண்டாத கடையின் டோக்கனை வங்கி வழியாக நீக்கவும் உரிமை உண்டு.

“போனது போனதுதான்”

இந்த ஒரு நம்பிக்கையால் போன பணம் கொஞ்சமல்ல. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதி இப்படி: வாடிக்கையாளர் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாவது இடத்தில் நடந்த கோளாறால் பணம் போய், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை. நாலு முதல் ஏழு வேலை நாளென்றால், ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்குக்கு அதிகபட்ச இழப்பு 5,000 ரூபாய். ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் நேரம் வரை போனது நம் பொறுப்பு. அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஏமாந்த வெட்கத்தில் நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பவருக்கு நஷ்டம் கூடுகிறது, அவ்வளவுதான்.

பொன்னேரிக்குப் பஸ் ஏறி மறுநாள் போய்ச் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். அழைக்க வேண்டிய எண் 1930, நாடு முழுவதற்குமான இணையக் குற்ற உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க முயல்வார்கள், அதனால் முதல் சில மணி நேரம் முக்கியம். அதோடு வங்கியையும் கூப்பிட்டுக் கார்டை முடக்கச் சொல்லுங்கள். வங்கியின் எண் கார்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும். கார்டு தொலைந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்பதால், இன்றே அதை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.