பத்தாம் வகுப்புப் பெற்றோரிடமிருந்து தொடங்கு

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராகச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே பிளஸ் டூ வகுப்பு உன் பொறுப்புக்கு வந்திருப்பது மகிழ்ச்சி. பெற்றோர் கூட்டத்தில் மேற்படிப்பு பற்றி என்ன பேசுவது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். பிளஸ் டூ பெற்றோரோடு நிறுத்திக்கொள்ளாதே. பத்தாம் வகுப்புப் பெற்றோரையும் அழை. அவர்களிடமிருந்தே தொடங்கு.

ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பல வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும் அன்றே பாதி முடிவாகிவிடுகிறது. கணிதம் இல்லாத குரூப்பில் சேர்ந்த பிள்ளைக்குப் பொறியியல் பெரும்பாலும் கிடையாது. உயிரியல் படிக்காதவருக்கு மருத்துவமும் கால்நடை மருத்துவமும் எட்டுவது கடினம். வணிகவியல் எடுத்தவருக்கு பி.காம்., சி.ஏ. என்று தெளிவான பாதை உண்டு; சட்டப் படிப்புக்கோ எந்தக் குரூப்பும் தடையில்லை. ஒவ்வொரு குரூப்பும் எந்தெந்தப் படிப்புக்கு வழிவிடும் என்பதைப் பெற்றோர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த குரூப் என்பதற்காக யாரும் சேரக் கூடாது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும், நன்றாகப் படிக்கும் பிள்ளையைக் கடன் வாங்கியாவது தனியார் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர் உண்டு. அவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதைப் பொறுமையாகச் சொல். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் பெற்றவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரியில் சேர்ந்தபின் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் இருக்கின்றன. இரண்டு ஆண்டு தனியார் பள்ளிக்குப் போனால் இவை அத்தனையும் கைநழுவிப் போகும். இது தெரிந்தும் மாற்றுவதாக இருந்தால் அது அவர்கள் விருப்பம். தெரியாமல் மாற்றினால் குறை நம்முடையது.

பிளஸ் டூ பெற்றோரிடம் முதலில் மதிப்பெண் கணக்கைப் பேசு. ஆறு பாடம், 600 மதிப்பெண். பாடத்துக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. செய்முறைத் தேர்வு உள்ள பாடத்தில் செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10, எழுத்துத் தேர்வுக்கு 70. அந்த எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுத்தே ஆக வேண்டும். செய்முறையில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டோம் என்று அசட்டையாக இருக்கும் பிள்ளைகளின் வீட்டில் இதை அழுத்திச் சொல்.

அடுத்தது கட்-ஆஃப். மொத்த மதிப்பெண்தான் எல்லாம் என்று நினைக்கும் பெற்றோருக்கு இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டு. ஒரு பெண் 540 எடுத்திருக்கிறாள். அதில் கணிதம் 80, இயற்பியல் 86, வேதியியல் 84. இன்னொரு பையன் 520தான். ஆனால் கணிதம் 96, இயற்பியல் 88, வேதியியல் 90. பொறியியலுக்குக் கணிதம் முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேரும். அவளுக்கு 200க்கு 165, அவனுக்கு 185. கலந்தாய்வில் அவன்தான் முன்னால் நிற்பான். இந்தக் கணக்கைப் பிள்ளையையே பெற்றோர் எதிரில் போடச் சொல். தன் பிள்ளை வாயால் கேட்டது வீடு வரை போகும்.

2007 முதல் தமிழ்நாட்டில் பொறியியலுக்கு மாநில நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். வேளாண்மைக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் அப்படித்தான். மருத்துவத்துக்கு நீட் வேண்டும். என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ., மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு கியூட், கட்டடக்கலைக்கு நாட்டா. இந்தத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும் காலம் பெரும்பாலும் ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும். ஜே.இ.இ. முதல் கட்டத் தேர்வே ஜனவரியில் நடக்கிறது. ஆகவே எந்த மாதம் எதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரே தாளில் தமிழில் எழுதி, பிரதி எடுத்து, ஆளுக்கொன்று கொடு.

சான்றிதழ்களை அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே வாங்கி வைக்கச் சொல். சாதிச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் இதுவரை பட்டம் பெற்றவர் யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்று. எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று நீயே உட்கார்ந்து பார். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிக்கும்போது கடைக்காரர் எண்ணைக் கொடுக்காமல், வீட்டில் நிரந்தரமாக இருக்கும் கைபேசி எண்ணையே கொடுக்க வேண்டும். ஓ.டி.பி.யும் கலந்தாய்வுச் செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

ரிசல்ட் வந்ததும் வீடு தேடி வந்து, “நல்ல காலேஜில் சீட் இருக்கிறது, முன்பணம் கட்டுங்கள்” என்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் 7.5 சதவீதச் சலுகையும் முதல் பட்டதாரிச் சலுகையும் கிடைக்காது என்பதைச் சொல்லி வை. கலந்தாய்வு முடியும்வரை யாரிடமும் அசல் சான்றிதழைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்.

தோற்றுவிட்ட பிள்ளையின் பெற்றோரிடம் நீயே முதலில் பேசு. துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வரும், அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு, ஆண்டு வீணாகாது. மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகல், பிறகு மறுகூட்டல் அல்லது மறுமதிப்பீடு. 14417 என்ற கல்வி உதவி எண்ணையும் கொடு. பிள்ளையைத் திட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்.

கூட்டத்தை வேலை நாளின் பகலில் வைக்காதே. கூலி போகும் என்றால் வர மாட்டார்கள். ஞாயிறு காலையோ மாலையோ வை. அம்மாக்களையும் வரச் சொல். எல்லோருக்கும் நாற்காலி போடு. அவர்களுக்குப் பழக்கமில்லாத சொல் வந்தால் அங்கேயே நிறுத்தி விளக்கு. எந்தப் படிப்பு நல்லது என்று நீ தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எதற்கு என்ன வேண்டும், எப்போது வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதைச் சொன்னால் போதும். முடிவை அவர்களும் பிள்ளையும் சேர்ந்து எடுப்பார்கள்.

படித்த வீடுகளில் இந்த விவரமெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே பிள்ளைக்கு வந்து சேர்ந்துவிடும். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல ஆசிரியரை விட்டால் ஆளில்லை. இந்த வாரமே பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கும் அழைப்பு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்