உடம்புக்குள் ஒரு கீமேன்

ரயில் பாதையில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் தன் பகுதி முழுவதும் நடந்து, தளர்ந்த கிளிப்பைச் சுத்தியலால் தட்டிப் பொருத்துவார். தண்டவாளத்தில் விரிசல் கண்டால் யார் உத்தரவுக்கும் காத்திராமல் சிவப்புக் கொடி காட்டுவார். 35 வருடம் இவர்களோடு வேலை பார்த்தவன் நான். நம் ரத்தத்திலும் இப்படி ரோந்து சுற்றுபவர்கள் உண்டு என்பதைப் பணி ஓய்வுக்குப் பிறகே அறிந்தேன்.

1882ல் மெஸ்ஸினா நகரில் ரஷ்ய விஞ்ஞானி மெக்னிகாஃப், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றி நடமாடும் அணுக்கள் மொய்த்திருந்தன. கிருமிகளை விழுங்கும் காவலர்கள் இவையே என்றார் அவர். 1908ல் நோபல் பரிசும் கிடைத்தது.

நம் உடம்பில் அந்தக் காவலர்களில் முக்கியமானவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள். எலும்பு மஜ்ஜை தினமும் சுமார் 10,000 கோடி தயாரிக்கிறது. கிருமி நுழைந்த சில மணி நேரத்தில் அங்கே கூடிவிடும். புண்ணில் கட்டும் சீழில் பெரும்பகுதி, போராடி மடிந்த இந்த அணுக்களே.

ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் இவை 1,500க்கு மேல் இருக்க வேண்டும். 500க்குக் கீழே போனால் பேராபத்து. வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்கும் கீமோதெரபி மருந்து மஜ்ஜையையும் விடுவதில்லை. பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு வரும்.

என் மனைவிக்கு இரண்டாவது கீமோ முடிந்த 10ஆம் நாள் இரவு 101 டிகிரி ஜுரம். இருமல் இல்லை, வீக்கம் இல்லை. "ஒரு பாராசிட்டமால் போட்டுக்கிறேங்க, காலையில பார்த்துக்கலாம்" என்றாள். நானும் தலையாட்டினேன். பக்கத்து வீட்டு மராட்டிய நர்ஸ்தான், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்று ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் நியூட்ரோஃபில் 200. உடனே நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். பிழைத்தாள்.

"சீழ் கட்டவே ஆள் இல்லாதபோது சீழ் எப்படி வரும்? ஜுரம் ஒன்றுதான் அடையாளம்" என்றார் டாக்டர். கீமேன் இல்லாத பாதையில் அதுதான் கடைசிச் சிவப்புக் கொடி.

எனவே அன்பர்களே, கீமோ எடுப்பவர் வீட்டில் தெர்மாமீட்டர் அவசியம். 100.4 டிகிரி தொட்டால், மாத்திரை போட்டு ஜுரத்தை மறைக்காமல், நள்ளிரவானாலும் கீமோ சீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். ஊர் விட்டு வந்த நமக்கு உறவு அருகில் இல்லை. சங்கத்தில் யார் வீட்டுக் கதவையும் தயங்காமல் தட்டுங்கள்.