பெயர்ந்தார்களா, பெயர்க்கப்பட்டார்களா?

ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை, "அம்மா, இந்த வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்கிறது. "இடம்பெயர்ந்து போய்விட்டார்கள்" என்கிறார் தாய். மாற்றலாகிப் போனார்களா? கனடாவுக்குப் போனார்களா? அல்லது உயிருக்கு அஞ்சி ஓடினார்களா? அந்த ஒரு சொல் இதை விளக்கவில்லை. ஆகவே இந்த வாரம் 'பெயர்தல்' என்ற சொல்லையும் அதன் உறவுச் சொற்களையும் படிப்போம்.

பெயர்தல் என்றால் இருந்த நிலையைவிட்டு நகர்தல். சுவரின் சாந்து பெயர்கிறது. ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கருத்தைக் கொண்டுபோவது மொழிபெயர்ப்பு.

வலசை போதல்: பருவத்துக்குப் பருவம் போய்த் திரும்புதல். வடபுலக் குளிரைவிட்டு ஒக்டோபர் அளவில் நம் களப்புகளுக்கு வந்து, ஏப்பிரல் அளவில் திரும்பும் பறவைகளுக்கு இச்சொல் பொருந்தும். மனிதரிலும் இப்படிப் போய் வருவோர் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது, நீர்கொழும்புப் பகுதி மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். பருவம் மாறினால் ஊர் திரும்புவார்கள். வாடி தற்காலிகமானது, வீடு அங்கேதான்.

குடிபெயர்தல்: குடும்பத்தோடு ஓர் ஊரைவிட்டு வேறோர் ஊரில் நிலையாகத் தங்குதல். திருகோணமலைத் துறைமுக வேலைக்கென வெளியூரிலிருந்து வந்து, 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படைத் தளம் ஒப்படைக்கப்பட்ட பின்னும் இங்கேயே தங்கிவிட்டவர்கள் குடிபெயர்ந்தவர்களே.

புலம்பெயர்தல்: புலம் என்றால் நிலம், நாடு. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்தில் கூடி வாழ்ந்த அயல்நாட்டாரைக் குறிக்க இச்சொல் வருகிறது. இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம்மவரை அப்படி அழைக்கிறோம்.

இடம்பெயர்தல்: சொல்லளவில் இடம் மாறுதல்தான். ஆனால் நம் நாட்டில் போரினாலோ இயற்கை அழிவினாலோ ஊரைவிட்டு, நாட்டுக்குள்ளேயே வேறிடத்தில் தங்குவதையே இது குறிக்கிறது. துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டின் எல்லையைக் கடந்தவரே 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கைப்படி அகதி.

இனி இலக்கணத்துக்கு வருவோம். 'பெயர்ந்தான்' தன்வினை, தானே நகர்ந்தான். 'பெயர்த்தான்' பிறவினை, மற்றொன்றை நகர்த்தினான். 'பெயர்க்கப்பட்டான்' என்றால் அவனை நகர்த்திய ஒருவரோ ஒன்றோ உண்டு. இந்த வேறுபாடு பரீட்சைக்கு மட்டுமன்று. 2006ஆம் ஆண்டில் ஷெல் வீச்சுக்கு நடுவே சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். பலர் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் காணிகள் விடுவிக்கப்பட்டுப் பலர் திரும்ப முடிந்தது. இவர்களைக் 'குடிபெயர்ந்தவர்கள்' என்று எழுதினால், தாமே விரும்பி ஊரை விட்டதாகிவிடும். விரும்பி விட்டவரிடம், "ஏன் திரும்பக் கேட்கிறாய்?" என்று எவரும் கேட்கலாம். பெயர்க்கப்பட்டவரிடம் அப்படிக் கேட்க முடியாது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் விரும்பினால் பாதுகாப்பாகத் திரும்ப வழிசெய்வது அதிகாரிகளின் முதற் கடமை என்று 1998ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் வழிகாட்டும் கோட்பாடுகளும் கூறுகின்றன.

ஆகவே ஒரு விண்ணப்பத்திலோ கடிதத்திலோ எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: விரும்பிப் போனார்களா? எல்லையைக் கடந்தார்களா? திரும்பி வர எண்ணுகிறார்களா? விடை தெரிந்தால் சரியான சொல் தானே வரும்.

வீட்டுப் பயிற்சி: பிள்ளைகளோடு அமர்ந்து பொருத்தமான சொல்லை இடுங்கள்.

1. அண்ணர் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கொழும்புக்கு ......

2. பறவைகள் மாரியில் களப்புக்கு ......

3. ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்குச் சென்ற திருக்குடும்பத்தார் ......

மூன்றாவதற்கு விடை கண்ட பின், உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றிப் பிள்ளை கேட்டால் முழு விடையையும் சொல்லுங்கள்.