பார்வையும் இரவுத் தூக்கமும்

பேளுக்குறிச்சியில் சனிக்கிழமை என்றால் மளிகைச் சந்தை. பருவகாலத்தில் வெள்ளிக்கிழமை இரவு பல வீடுகளில் விளக்கு அணைவதில்லை. மிளகு, சீரகம் சலிப்பதும் மூட்டை கட்டுவதுமாக வேலை நடக்கும். என் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீடும் அப்படித்தான். அவளுக்கு இடது கண்ணில் ஆம்ப்ளியோபியா, பேச்சு வழக்கில் சோம்பேறிக் கண். கரும்பலகையில் எழுதியதை அவள் பிழையின்றிப் பார்த்து எழுதுவாள். ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்ன அன்றுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்திய எனக்கு வெட்கமாக இருந்தது.

மருத்துவர் கண்ணாடி கொடுத்தார். தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடவும் சொன்னார். "கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லைங்கறாங்க, அப்புறம் நல்ல கண்ணை எதுக்குங்க டீச்சர் மூடணும்?" என்று அவளுடைய அம்மாயி கேட்டார். நியாயமான கேள்விதான்.

கோளாறு இருப்பது மூளையில். பின்மண்டையில் உள்ள பார்வைப் புறணிக்கு இரண்டு கண்களிலிருந்தும் செய்தி வருகிறது. ஒரு கண்ணின் செய்தி தெளிவில்லாமல் வந்துகொண்டே இருந்தால், மூளை அதை ஒதுக்கி, அந்த இடத்தையும் மற்ற கண்ணுக்குக் கொடுத்துவிடுகிறது. டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் 1960களில் பூனைக்குட்டிகளிடம் இதைக் கண்டறிந்தார்கள். 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள். சிறு வயதில் இப்படி மாறக்கூடிய நெகிழ்திறன் மூளைக்கு அதிகம். நல்ல கண்ணை மூடுவது அந்த நெகிழ்திறனை எதிர்த்திசையில் திருப்பத்தான்.

இந்த மாற்றம் விழித்திருக்கும்போது மட்டும் நடப்பதில்லை. கலிபோர்னியாவில் மார்கோஸ் ஃபிராங்க், மைக்கேல் ஸ்டிரைக்கர் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பூனைக்குட்டிகளுக்கு ஒரு கண்ணை மூடி ஆறு மணி நேரம் வெளிச்சத்தில் விழித்திருக்க வைத்தார்கள். பிறகு சில குட்டிகளை ஆறு மணி நேரம் தூங்கவிட்டார்கள். சிலவற்றை இருட்டில் தூங்கவிடாமல் வைத்திருந்தார்கள். தூங்கிய குட்டிகளின் பார்வைப் புறணியில் மாற்றம் மேலும் வலுப்பட்டிருந்தது. விழித்திருந்தவற்றில் அப்படி வலுப்படவில்லை. இருட்டில் இரு கூட்டத்துக்கும் பார்க்க எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வித்தியாசம் தூக்கம் மட்டுமே. பின்னர் வந்த ஆய்வில், நரம்பு இணைப்புகளை வலுப்படுத்தும் வேதிவினைகளைத் தூக்கத்தின்போது மருந்தால் தடுத்தார்கள். அந்தக் குட்டிகள் தூங்கியும் பலன் இல்லை.

மனிதரிடம்? ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழு இளைஞர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தது. திரையில் ஒரே மாதிரிக் கோடுகளுக்கு நடுவே சில சாய்ந்த கோடுகள் கணநேரம் மின்னி மறையும். அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சி பெற்ற அன்றிரவு தூங்காதவர்கள் அடுத்த இரண்டு இரவுகள் நன்றாகத் தூங்கிய பிறகும் முன்னேறவில்லை. 2000இல் வந்த இந்த முடிவுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வெள்ளி இரவு கெட்டதை ஞாயிறு பகலில் தூங்கி ஈடுகட்டிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பூனைக்குட்டியில் கண்டதைக் குழந்தைக்கு மருந்துச் சீட்டாக எழுதிவிடக் கூடாது. ஒட்டும் கண்ணாடியும்தான் சிகிச்சை. தூக்கம் அதற்கு மாற்று அல்ல. ஆனால் 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் எப்படியும் தேவை. அதைக் கேட்டு வாங்கிக் கொடுப்பதில் நமக்கு நட்டம் என்ன?

உயர்நிலை ஆசிரியர்கள், "எங்கள் பிள்ளைகளுக்கு வயது தாண்டிவிட்டதே" என்று கைவிட வேண்டாம். பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலேயே பார்வை மறைந்திருந்த வட இந்தியப் பிள்ளைகள் எட்டு வயதுக்கு மேல் அறுவைச் சிகிச்சை பெற்றார்கள். கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் அடையாளம் காண முதலில் தடுமாறியவர்கள் சில நாள்களிலேயே தேறினார்கள். முழுப் பார்வை கிடைக்கவில்லை; மூளை கற்பதை நிறுத்தவும் இல்லை.

அம்மாயியிடம் இரண்டே விஷயம் கேட்டேன்: மூட்டை கட்டும் இடத்தில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டாம், ஒன்பது மணிக்குமேல் கைபேசி வேண்டாம். என் பங்குக்கு, வீட்டில் எழுதச் சொல்லும் பார்த்தெழுதுதலை மாலை கடைசிப் பாடவேளைக்கு மாற்றினேன். ஒட்டுப் போட்டபடி அவள் அங்கேயே எழுதி முடித்துவிடுவாள்.

இப்போது ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வகுப்பில் எல்லாரையும் ஒரு கண் மூடிக் கரும்பலகையைப் படிக்கச் சொல்கிறேன். ஐந்து நிமிட வேலை. போன முறை இடது கண்ணால் அவள் மூன்றாவது வரிவரை படித்தாள். முன்பு முதல் வரியே தடுமாற்றம்.