பெங்களூருப் பார்சலுக்கு முன்

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமா எழுதுவது. உன் சாம்பார்ப் பொடி ஈரோட்டுக் கடைகளில் நன்றாகப் போகிறதென்று உங்கம்மா சொன்னாள். மனசு நிறைந்தது. "ஜிஎஸ்டி எடுக்கணுமா மாமா?" என்று கேட்டிருந்தாய்.

தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால், வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. லாபம் அல்ல, மொத்த விற்பனை. பலர் இங்கேதான் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். ஆனால் பெங்களூர்க் கடைக்காரர் 50 கிலோ கேட்கிறார் என்றாயே, அதற்கு இந்த வரம்பு உதவாது. மாநிலம் தாண்டிச் சரக்கு விற்றால் முதல் பில்லுக்கே பதிவு வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். வெளிமாநிலத்துக்கு விற்பவருக்கு அது கிடையாது. அந்த ஒரு ஆர்டருக்காக ரிட்டர்ன் வேலையையும் சேர்த்துச் சுமக்க முடியுமா என்று முதலில் யோசி. முடியும் என்றால் தைரியமாக எடு.

ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பான், ஆதார், போட்டோ, இடத்துக்கான ஆவணம் வேண்டும். வீடு அப்பா பேரில் இருப்பதால் அவரிடம் சம்மதக் கடிதம் வாங்கு. ஈபி பில்லில் உள்ள முகவரியையே விண்ணப்பத்திலும் எழுது. பழைய கதவு எண், புது எண் என்று மாறினால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரலாம். வந்தால் 7 வேலை நாளுக்குள் பதில் போடு, பயப்படாதே.

கிடைக்கும் எண் 15 இலக்கம். முதலில் வரும் 33 தமிழ்நாட்டைக் குறிக்கும். அடுத்த பத்தும் உன் பான். அந்த எண்ணில் யார் பில் போட்டாலும் பொறுப்பு உன் தலையில்தான் விழும். அதனால் விண்ணப்பத்தில் உன் மொபைல் நம்பரையே கொடு, ஓடிபியை யாரிடமும் சொல்லாதே.

விற்பனையே இல்லாவிட்டாலும் நில் ரிட்டர்ன் போட வேண்டும் அம்மிணி. 2019இல் வியாபாரம் படுத்துவிட்டதே என்று ஏழு மாதம் போடாமல் விட்டேன். நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறி, கடைசியில் பதிவே ரத்தானது. அந்த நாட்களில் உன் அத்தையின் முகத்தைப் பார்க்கவே கூசினேன்.

பில்லில் வசூலிக்கும் வரியைத் தனிக் கணக்கில் போட்டு வை. மிளகாய் வாங்க அதில் கை வைக்காதே. பாக்கெட் கவர் வாங்கும்போது உன் எண்ணைச் சொல்லி பில் கேள், அதில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்.

பெங்களூர்க்காரரின் ஜிஎஸ்டி எண்ணையும் கேட்டு வை. ஈபி பில்லைப் போட்டோ எடுத்து இன்றே அனுப்பு. பெயரும் கதவு எண்ணும் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா