மானாவாரி நிலத்தில் பழ மரங்கள்

இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவ மழையே பெரும்பாலும் ஆண்டு முழுவதற்குமான ஆதாரம். அது தவறினால் கம்பும் உளுந்தும் விதைக்காசுகூடத் தேறாமல் போகின்றன. இத்தகைய நிலத்தில் ஒரு பகுதியையேனும் வறட்சியைத் தாங்கும் பழ மரங்களுக்கு ஒதுக்குவது சிறு விவசாயிக்கு நல்ல பாதுகாப்பாகும்.

எந்த மரம்?

இலந்தை ஆணிவேரை ஆழமாக விட்டு, கடுங்கோடையில் இலைகளை உதிர்த்து உயிர் பிழைக்கும். சீத்தாவும் அவ்வாறே இலை உதிர்க்கும். அதன் தழையை ஆடு மாடுகள் கடிப்பதில்லை என்பது கூடுதல் நன்மை. நெல்லி, சற்று உவர்ப்பான மண்ணிலும் வளரும். ஆனால் ஒரே இரகத்தை மட்டும் நட்டால் காய்ப்பு குறையும். இரண்டு மூன்று இரகங்களைக் கலந்து நடுவது அவசியம்.

எத்தனை கன்றுகள்?

இலந்தையை 8 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 60 கன்றுகள் பிடிக்கும். முதல் கோடையில் கன்றுக்கு வாரம் 5 லிட்டர் ஊற்றுவதானால் 300 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 20 குடம் தேவை. இவ்வளவு சுமக்க இயலாதவர்கள் முதலாண்டில் 20 கன்றுகளோடு நிறுத்திக்கொள்வதே நலம். அறுபதை நட்டுக் காயவிடுவதைவிட இருபதைப் பிழைக்க வைப்பது இலாபம்.

நடவு

கோடையிலேயே 1 மீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து ஆறவிட வேண்டும். மேல்மண்ணுடன் தொழு உரமும் கண்மாய் வண்டலும் கலந்து நிரப்பி, முதல் நல்ல மழை பெய்ததும் ஒட்டுக்கன்றுகளை நடலாம். பையில் வேர் சுருண்டிருக்கும் கன்றுகளை வாங்கலாகாது. ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். சரிவின் கீழ்ப்புறம் பிறை வடிவில் வரப்பு அமைத்தால் ஓடும் மழைநீர் வேரடியில் தங்கும்.

கோடைக் காப்பு

அடியில் சிறு துளையிட்டுத் துணித்திரி செருகிய மண்பானையைக் கன்றின் அருகே கழுத்தளவு புதைத்து, நீர் ஊற்றி மூடி வைக்கலாம். நீர் கசிந்து நேரே வேருக்குச் செல்லும், வெயிலில் வீணாகாது. கன்றைச் சுற்றிக் காய்ந்த சருகு, பனையோலை கொண்டு மூடாக்குப் போட வேண்டும். தண்டை ஒட்டிப் போட்டால் கறையான் ஏறும். தெற்கிலும் மேற்கிலும் ஓலை மறைப்பும், ஆடு நுழையாதபடி முள்வேலியும் தேவை.

ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவற்றை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். இலந்தையில் இதைக் கவனியாது விட்டால் காட்டு இலந்தை மேலோங்கி நல்ல இரகம் அழிந்துவிடும்.

வருமானம்

ஒட்டு நெல்லி நான்காம் ஆண்டிலிருந்து காய்க்கத் தொடங்கும். அதுவரை மரங்களின் இடையே கொள்ளு, தட்டைப்பயறு விதைத்து மண்ணையும் காத்து, சிறு வரவும் பெறலாம். இலந்தை புதுக்கிளைகளில் காய்ப்பதால், ஆண்டுதோறும் அறுவடைக்குப் பின் கோடையில் கவாத்துச் செய்வது இன்றியமையாதது.

தங்கள் மண்ணுக்கேற்ற இரகம் குறித்து, வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை விவசாயிகள் மழைக்கு முன்பே அணுகிக் கேட்டறிவது நல்லது.